ஒளிக்கு இடக்கை, வலக்கை: கேள்விகளும் பதில்களும்

வட்டத் தளவிளைவு கொண்ட ஒளியோடு, அதாவது மின்புலம் வட்டமாகச் சுழன்றபடி போகும் ஒளியோடு, தினமும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒளியின் கைரல் தன்மை (இடக்கை, வலக்கை போன்ற வேறுபாடு), கோண உந்தம் (சுழற்சியின் அளவு) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். "இடது", "வலது" என்று எழுதும்போது, ஒளி நம்மை நோக்கி வரும்போது பார்த்ததா, அது போகும் திசையில் பார்த்ததா என்று சொல்லிவிடுங்கள். ஒளியியல் நூல்கள் பெரும்பாலும் முதல் வழக்கத்தையும், வானொலிப் பொறியாளர்கள் இரண்டாவதையும் பின்பற்றுகிறார்கள்.

கேள்வி: மேடம், கோண உந்தம், கைரல் தன்மை இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. கோண உந்தத்துக்குத் திசை உண்டு. கைரல் தன்மைக்குத் திசை கிடையாது. இடமா வலமா என்பது மட்டும்தான். சுழலும் தட்டைத் தலைகீழாகப் புரட்டினால் எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தெரியும். திருகாணியை எப்படிப் புரட்டினாலும் வலமரை வலமரைதான். வலம்புரிச் சங்கும் அப்படித்தான். கண்ணாடியில் காட்டினால்தான் இடம்புரி ஆகும்.

ஒற்றைக் கற்றையில் இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் இந்தக் குழப்பம். ஒளித்துகளான ஃபோட்டானின் தற்சுழற்சி (அதற்கே உரிய கோண உந்தம்) அது போகும் திசையிலேயே இருந்தால் ஒரு கை, எதிராக இருந்தால் மறு கை. பிரித்துப் பார்க்க, ஒரே நிறமும் வலிமையும் உள்ள இரண்டு கற்றைகளை நேருக்கு நேர் விடுங்கள். இரண்டும் ஒரே கை என்றால் தற்சுழற்சிகள் எதிரெதிராக நின்று சுழியமாகிவிடும், கைரல் தன்மையோ கூடும். அங்கே எந்தப் புள்ளியிலும் மின்புலம் சுழலாது, ஒரு கோட்டில் ஆடும். ஆனால் கற்றையின் வழியே போகப் போக அந்தக் கோடு சுழல்படிக்கட்டின் படிகள் மாதிரி திரும்பிக்கொண்டே போகும். இரண்டும் வேறு வேறு கை என்றால் நேர்மாறு: மின்புலம் சுழலும், தற்சுழற்சி கூடும், கைரல் தன்மை சுழியம். எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது.

கேள்வி: ஒளி ஒரு பொருளைத் திருப்பியதை யாராவது அளந்திருக்கிறார்களா?

பதில்: 1909-ல் இயற்பியலாளர் பாய்ன்டிங் கணித்தார், 1936-ல் பெத் என்ற இயற்பியலாளர் அளந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்ட அரை அலைத் தகடு (ஒளியின் கையை மாற்றும் படிகத் தகடு), வட்டத் தளவிளைவு ஒளி பட்டதும் முறுக்கிக்கொண்டது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள அத்தகைய ஒளி 1 வாட் விழுந்தால், அப்படிப்பட்ட தகட்டின் மீது முறுக்கம் சுமார் 5.6 × 10⁻¹⁶ நியூட்டன் மீட்டர்தான். அதற்கும் முன்பே, 1931-ல், ஒளிச்சிதறலை வைத்து ஃபோட்டானின் தற்சுழற்சிக்குச் சான்று காட்டியவர்கள் ராமனும் பகவந்தமும்.

கேள்வி: அப்படியானால் சர்க்கரைக் கரைசலும் முறுக்கத்தை வாங்குமா? அதுவும் ஒளி ஆடும் தளத்தைத் திருப்புகிறதே.

பதில்: வாங்காது. ஒரே தளத்தில் ஆடும் ஒளி என்பது இரு கைகளின் சமக் கலவை. கரைசலில் ஒரு கை சற்று வேகமாகப் போகிறது, அதனால் தளம் திரும்புகிறது. எந்தக் கையும் மறு கையாக மாறுவதில்லை, அதனால் முறுக்கமும் இல்லை. மாற்றும் வேலையைச் செய்வது அரை அலைத் தகடு. அதற்குக் கைரல் பொருள் தேவையே இல்லை, மைக்கா போதும்.

கேள்வி: எது சுழன்றாலும் அது கைரல்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சுருள் ஒளியை வைத்து மருந்து மூலக்கூறுகளின் இடம், வலம் வடிவங்களை அடையாளம் காணலாமா?

பதில்: சுருள் ஒளியின் கோண உந்தம் தற்சுழற்சியால் வருவது அல்ல, திருகிய அலைமுகத்தால் வருவது. 1992-ல் லைடனில் ஆலனும் கூட்டாளிகளும் அதைத் தெளிவாக்கினார்கள். ஆனால் மூலக்கூறு சுமார் 1 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 500. மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறினாலும் அதில் ஊரும் எறும்புக்குத் தரை தட்டைதான். மூலக்கூறுக்கும் அந்தத் திருகு தெரியாது. 2005-ல் செய்த சோதனையில் வேறுபாடு தென்படவில்லை. அலைநீளம் சிறிய எக்ஸ் கதிரில் 2022-ல் வேறுபாட்டை அளந்திருக்கிறார்கள்.

கேள்வி: வட்டத் தளவிளைவு ஒளி மூட்டுவலிக்கு நல்லதா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது கை மாறுகிறது. அப்போது கண்ணாடி முறுக்கப்பட வேண்டாமா?

பதில்: வேண்டாம். தற்சுழற்சி முன்பு இருந்த அதே திசையிலேயே நிற்கிறது, பயணத் திசை மட்டும் திரும்புகிறது.

கேள்வி: ஏற்க முடியவில்லை, மேடம். கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறினால் வித்தியாசம் இரண்டு மடங்கு ஆகுமே.

பதில்: தம்பி, நீங்கள் கழித்துப் பார்ப்பது கையை. முறுக்கத்துக்குத் தற்சுழற்சியின் திசையைத்தான் கழிக்க வேண்டும், அது மாறவில்லை. கை மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வட்டத் தளவிளைவு வகை முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நிலைக்கண்ணாடியைப் பாருங்கள். திறந்த கண்ணின் வில்லை கறுத்துப்போகும், மூடிய கண் தெரியும். உங்கள் வில்லை வழியே வெளியே போன ஒளி மறு கையாகத் திரும்பி வருவதால் அதே வில்லை அதைத் தடுக்கிறது.

கேள்வி: கை மாறாமல் திருப்பி அனுப்பும் கண்ணாடி உண்டா?

பதில்: உண்டு, வண்டின் முதுகில்! 1911-ல் இயற்பியலாளர் மைக்கேல்சன் ஒரு பொன்னிற வண்டு வகையின் ஓட்டில் பட்டுத் திரும்பும் ஒளி வட்டத் தளவிளைவு கொண்டது என்று கண்டார். இப்படிப்பட்ட பல வண்டுகளின் ஓட்டில் அடுக்குகள் சிறிது சிறிதாகத் திரும்பி அமைந்திருக்கின்றன. அந்தத் திருகுக்கு ஒத்த கையை மட்டும் அது கை மாறாமல் திருப்புகிறது. பயணத் திசை மாறியும் கை மாறாததால் தற்சுழற்சிதான் புரள்கிறது. தம்பி கண்ணாடிக்குக் கேட்ட அந்த இரண்டு மடங்கு முறுக்கம், திருப்பி அனுப்பும் ஒவ்வொரு ஃபோட்டானிடமிருந்தும் இந்த ஓட்டுக்குத்தான் கிடைக்கிறது.