1,23,45,67,890: பாதி வழியில் நின்ற காரணிகள்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 1,23,45,67,890 என்ற எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க முயன்றாள். 2, 3, 3, 5 ஆகியவற்றை எடுத்தபின் 1,37,17,421 மிஞ்சியது. 100 வரை உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது மீதியின்றி வகுபடவில்லை. அது பகா எண்தானா? வீட்டில் சாதாரண கால்குலேட்டர்தான் இருக்கிறது.

பதில்: அது பகா எண் அல்ல. மகள் இதுவரை செய்தது எல்லாமே சரி. ஆனால் அதே வழியில் போனால், முதல் காரணி தட்டுப்படும் முன் ஐந்நூறு பகா எண்களுக்கு மேல் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கணக்கில் ஆசை உள்ள குழந்தையை அப்படிச் சலிக்கவைக்க வேண்டாம்.

அவள் பாடத்தில் உள்ள முற்றொருமை ஒன்றே போதும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அந்த இரண்டு எண்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். நம் எண்ணை அப்படி இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தாமாக வந்துவிடும்.

வர்க்கமூலம் அழுத்துங்கள்: 3703.7 வரும். அடுத்த முழு எண் 3704. அதன் வர்க்கம் 1,37,19,616; நம் எண்ணைக் கழித்தால் 2195. 5இல் முடியும் வர்க்கம் 25இல்தான் முடியும் என்பதால் இது வர்க்கம் அல்ல. அடுத்து 3705. வர்க்கம் 1,37,27,025, கழித்தால் 9604. இது 98இன் வர்க்கம்!

ஆகவே காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டுமே பகா எண்கள். 7 முதல் 61 வரையுள்ள பதினைந்து பகா எண்களால் வகுத்து மகளே இதை உறுதிசெய்யட்டும். அந்த வேலையை அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பகாக் காரணியும் வரும் தடவையுடன் 1 கூட்டி, அவற்றைப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும். 3 மட்டும் இருமுறை வருவதால், முழு எண்ணுக்கு வகுத்திகள் 2 × 3 × 2 × 2 × 2 = 48.

பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பணியில் இருந்த ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் காட்டிய வழி இது. 2,02,76,51,281 என்ற எண்ணைப் பன்னிரண்டே படிகளில் 44,021 × 46,061 என்று அவர் பிரித்தார். எனக்கு இன்றும் வியப்புத் தீராத கணக்கு அது.

ஒரு எச்சரிக்கை. காரணிகள் இரண்டும் அருகருகே இருந்தால்தான் இந்த வழி விரைவாக முடியும். 4,29,49,67,297 பகா எண் என்றே ஃபெர்மா நம்பினார். 1732இல் கணித மேதை ஆய்லர் அதை 641 × 67,00,417 என்று பிரித்தார். அந்த எண்ணில் இந்த வழியில் இறங்கினால் முப்பத்திரண்டு லட்சம் படிகளுக்கு மேல் ஆகும். அதனால் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதை முதலில் முடித்துவிட்டே, உங்கள் மகள் செய்ததுபோல, இதற்கு வர வேண்டும்.