மவுத் ஆர்கனின் 2-ஆவது துளையில் மூச்சை உள்ளிழுத்தால் சத்தமே வரவில்லை, ரீடு உடைந்துவிட்டதா?

ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோக நாக்கு, உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. புதியது வாங்க அவசரப்படாதீர்கள். 10 துளை சி சுருதி மவுத் ஆர்கனில் இந்தத் துளை புதிதாகப் பழகும் பலருக்கும் தகராறு செய்யும். வாயை இறுக்கிப் பலமாக உறிஞ்சினால் ரீடு சரியாக அதிராது. பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதலில் 3-ஆவது துளையில் ஊதுங்கள். அதே ஜி சுரம்தான் 2-இல் உள்ளிழுக்கும்போதும் வர வேண்டும். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, மெதுவாக மூச்சை இழுங்கள். சுரம் வந்துவிட்டால் ரீடு நன்றாகவே இருக்கிறது.

அப்படியும் வராவிட்டால் மூடியின் திருகுகளைக் கழற்றி, கீழ்ப்பக்கத் தகட்டைப் பாருங்கள். உள்ளிழுக்கும் ரீடுகள் அதில் வெளிப்பக்கமாகவே இருக்கும். நூலோ தூசியோ சிக்கியிருந்தால் பல்குச்சியால், ரீடைத் தகட்டோடு பிடித்திருக்கும் ரிவெட் பக்கமிருந்து நுனியை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் ரீடு வளைந்துவிடும், கவனம்.

ரிவெட்டுக்குப் பக்கத்தில் விரிசல் தெரிந்தாலோ, மென்மையாக இழுத்தும் சுரம் இறங்கியே நின்றாலோ, சரி, அந்த ரீடு போய்விட்டது. பித்தளை ரீடை ஒட்டவெல்லாம் முடியாது. தகட்டை மாற்ற வேண்டும். விலை குறைந்த மாடல் என்றால் புதிதாகவே வாங்கிவிடலாம்.