'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' காமிக்ஸை அனிமேஷனாக எடுத்தபோது ஏதாவது விடுபட்டதா?

கதையில் பெரிதாக ஒன்றும் விடுபடவில்லை. விடுபட்டது பேட்மேனின் மனக்குரல்.

1986-ல் ஃபிராங்க் மில்லர் நான்கு பாகங்களாகக் கொண்டுவந்த காமிக்ஸ் இது. ஓய்வுபெற்று பத்து வருடம் ஆன, 55 வயது புரூஸ் வெயின் (இவர்தான் பேட்மேன்) மறுபடி முகமூடி மாட்டுகிறார். ஜே ஒலிவா இயக்கிய அனிமேஷன் 2012-லும் 2013-லும் இரண்டு படங்களாக வந்தது. ஒரே படமாகச் சுருக்காமல் விட்டதே பெரிய புண்ணியம்.

காமிக்ஸில் சண்டைக்கு நடுவிலும் பேட்மேன் தனக்குள் பேசிக்கொண்டே இருப்பார்: எந்த எலும்பு வலிக்கிறது, இளமையில் இதை எப்படிச் செய்திருப்பேன் என்று. படத்தில் அந்தப் பேச்சை எடுத்துவிட்டார்கள். பேட்மேனுக்குக் குரல் கொடுத்த பீட்டர் வெல்லரின் கரகரத்த குரல் வயதைக் காட்டுகிறதுதான், ஆனால் அந்தக் கிழட்டு வீம்பும் நக்கலும் பாதிதான் நமக்கு வந்து சேர்கிறது.

இன்னொன்று, நேரம். புரூஸின் பெற்றோர் கொல்லப்படும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லர் பக்கத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாக வெட்டியிருப்பார். அம்மாவின் முத்துமாலை கொலைகாரன் கையில் சிக்குகிறது, மாலை இழுபடுகிறது, அறுகிறது, முத்துகள் சிதறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகர் கையில். படத்தில் அதை இயக்குநர் முடிவு செய்துவிடுகிறார். ஸ்லோமோஷன் போட்டாலும் அது வேறு அனுபவம்.

லாபமும் உண்டு. கும்பல் தலைவனோடு பேட்மேன் போடும் சேற்றுக்குழிச் சண்டையில் ஒவ்வொரு அடியின் கனமும் காமிக்ஸைவிடப் படத்தில்தான் நன்றாக உறைக்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால், என் ஓட்டு காமிக்ஸுக்கே.