டெல்லியிலுள்ள மத்திய அரசு அலுவலகத்தில் பயிற்சி பெற எனக்கு வாய்ப்பு உண்டா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த நான் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டுத் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் 87 சதவீத மதிப்பெண். மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை வழங்கும் அமைப்பான நிதி ஆயோக்கில் மாணவர்களுக்கான இன்டர்ன்ஷிப் இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார். சிபாரிசு இல்லாமல் கிடைக்குமா? என் ஆங்கிலமும் சுமார்தான். அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இளநிலையில் இரண்டாம் ஆண்டை முடித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் பெற்றவர்கள் என்பதே அங்குள்ள அடிப்படைத் தகுதி. அதை நீங்கள் எட்டிவிட்டீர்கள். விண்ணப்பம் முழுவதும் இணையம் வழியாகவே நடக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பயிற்சி குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம். மூன்றாம் ஆண்டின் நடுவே கிடைக்கும் பருவ விடுமுறை அதற்குப் போதாது. வகுப்புகளை விட்டுச் சென்றால் வருகைப்பதிவில் சிக்கல் வரும். இறுதித் தேர்வை எழுதிவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருக்கும் மே, ஜூன் மாதங்களே உங்களுக்குப் பொருத்தமான காலம். ஆனால் அந்த நிலையில் விண்ணப்பிப்பவர்களிடம் பட்டப்படிப்பின் எல்லாப் பருவங்களையும் சேர்த்து 70 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள் என்பதால், எஞ்சியுள்ள பருவங்களில் மதிப்பெண் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் பக்கம் ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10ஆம் தேதி வரை மட்டுமே திறந்திருக்கும். சேர விரும்பும் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருமுறைதான் விண்ணப்பிக்க முடியும். எனவே டிசம்பர் அல்லது ஜனவரியின் முதல் பத்து நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அனுப்புமுன் அப்போதைய அறிவிப்பை ஒருமுறை படித்து விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிபாரிசைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் உங்களிடம் இருக்கும் ஒரு வலுவை நீங்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2018இல் தொடங்கப்பட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தை நடத்துவது நிதி ஆயோக்தான். நாடெங்கும் உள்ள அந்த 112 மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். சுகாதாரம், ஊட்டச்சத்து, கல்வி, வேளாண்மை, நீர்வளம், நிதிச்சேவை, திறன்பயிற்சி, அடிப்படைக் கட்டமைப்பு ஆகியவை சார்ந்த 49 குறியீடுகளைக் கொண்டு அந்த மாவட்டங்களின் முன்னேற்றத்தை அளந்து தரவரிசைப்படுத்துகிறார்கள். டெல்லியில் எண்ணாக மட்டும் தெரிகிற ஓர் அங்கன்வாடியையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ நீங்கள் நேரில் அறிந்திருக்கிறீர்கள். வரும் மாதங்களில் அந்தக் குறியீடுகளில் ஒன்றை, எடுத்துக்காட்டாகக் குழந்தைகளின் எடைக்குறைவை, எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிடப்பட்டுள்ள புள்ளிவிவரத்தைப் படித்து, உரிய அனுமதியுடன் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசி, அந்த எண் எப்படித் திரட்டப்படுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள். எந்தத் துறையில் பயிற்சி பெற விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்கும்போது, பொத்தாம்பொதுவாகப் பொருளாதாரம் என்று எழுதாமல், இந்தக் குறிப்போடு தொடர்புள்ள பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிப் பேராசிரியரிடம் திருத்தம் வாங்கும் பழக்கம், உங்கள் மொழித் தயக்கத்தையும் பெருமளவு போக்கும். அலங்காரமான ஆங்கிலம் தேவையில்லை. சொல்ல வேண்டியதைப் பிழையில்லாமல் சொன்னால் போதும்.

பணத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இந்தப் பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. மடிக்கணினியையும் நீங்களே கொண்டுசெல்ல வேண்டும். ஆறு வார விடுதி வாடகை, சாப்பாடு, மெட்ரோ, ரயில் கட்டணம் எல்லாமே உங்கள் கையிலிருந்துதான். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய தடையாக நிற்கிறது. அரசு இதை மாற்ற வேண்டும் என்றே நான் கருதுகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்து, கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலை இருந்தால் போகாதீர்கள். பொறுத்திருப்பதால் வாய்ப்பு போய்விடாது. எம்.ஏ. சேர்ந்தபின் ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மாத உதவித்தொகை உண்டு, விண்ணப்பங்களை வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை பெறுகிறார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022இல் வகுத்த திட்டத்தில், பட்டம் பெற்ற 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 10,000 ரூபாயும், மாநிலத் தலைநகரிலிருந்து டெல்லி சென்று திரும்ப விமானக் கட்டணமும் தருகிறார்கள்.

நிதி ஆயோக் பயிற்சிக்குக் கல்லூரியின் தடையில்லாச் சான்று தேவைப்படும். துறைத்தலைவர், முதல்வர், அலுவலகம் என்று கையெழுத்துகள் நகர நாளாகும் என்பதால், நவம்பரிலேயே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். பயிற்சிக்காலத்தைத் தேதிகளுடன் குறிப்பிட்டு, அந்த நாட்களில் உங்களுக்குத் தேர்வோ வகுப்போ இல்லை என்ற வரியையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.