வாசகர் கேள்வி – பதில்: கட்டினவரே சாரம் பிரிக்கட்டும்

இந்த இதழில் பதில் சொல்பவர் உச்சிப்புளிக்காரர். ஊரில் சவுக்குச் சாரமும் வளைகுடா நாடுகளில் இரும்புப் பைப் சாரமும் கட்டியவர். இப்போது இளைஞர்களுக்கு வேலை பழக்குகிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் மாடி வீட்டில் கடல் பக்கச் சுவருக்குப் பூச்சும் பெயின்ட்டும் முடிந்துவிட்டது. சாரம் கட்டியவர்கள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்கள். "கட்டத்தான் ஆள் வேண்டும், பிரிப்பதற்கு யாராக இருந்தால் என்ன, அரை நாள் வேலை" என்கிறார் மேஸ்திரி. சம்மதிக்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சம்மதிக்காதீர்கள் அம்மா. கட்டிய ஆட்கள் திரும்பி வரும் வரை சாரம் நிற்கட்டும். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கட்டும்போது எந்தக் கம்பு எதைத் தாங்குகிறது என்று கட்டுகிறவனுக்குத் தெரியும். பிரிக்கிற நாளில் நிற்பது அதே சாரம் இல்லை. நடுவில் கொத்தனார் ஏறியிருப்பார், பெயின்டர் ஏறியிருப்பார். சாரத்தைச் சுவரோடு பிடித்து வைக்கிற கம்புகள்தான் அவர்களுக்கு இடைஞ்சல். ஒன்றை உருவி, ஓட்டையை அடைத்துப் பூசிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சுவரை முழுசாகப் பூசித் தருவது அவர்கள் வேலை. ஆனால் கடைசியில் சாரம் சுவரை ஒட்டி நிற்குமே தவிர, சுவரோடு கட்டுப்பட்டிருக்காது. அதன் மேல் நாலு பேர் ஏறிக் கம்பை உருவினால் அப்படியே வெளிப்பக்கம் சாயும்.

அதனால் பிரிக்க வருகிறவர்கள் முதலில் கட்ட வேண்டும். கீழிருந்து உச்சி வரை பார்த்து, சுவர்ப்பிடி எங்கெங்கே போயிருக்கிறதோ அங்கெல்லாம் திரும்பப் போட வேண்டும். பூசிய சுவரை உடைக்க மனம் வராது, தெரியும். ஜன்னல் வழியாகக் கம்பை உள்ளே விட்டு, ஜன்னலை விட நீளமான இன்னொரு கம்பை உள்சுவரில் குறுக்கே வைத்து இறுக்கிக் கட்டினால் போதும், சுவருக்குச் சேதம் இல்லை. ஜன்னல் கிரில்லிலும் மழைநீர்க் குழாயிலும் மட்டும் கட்டவே கூடாது.

அப்புறம் மேலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கீழே வர வேண்டும். எந்தத் தட்டைப் பிரிக்கிறார்களோ அந்தத் தட்டின் சுவர்ப்பிடியை மட்டும்தான் அவிழ்க்கலாம். கைக்கு எட்டுகிறது என்று கீழே இருக்கிற சாய்வுக் கம்புகளை முதலில் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். சாரம் பக்கவாட்டில் மடங்காமல் இருப்பதே அவற்றால்தான்.

கழற்றியதைத் தட்டிலேயே அடுக்குவதும் ஆபத்து. 6 மீட்டர் இரும்புப் பைப் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பத்து பைப் சேர்ந்தால் மூன்று ஆள் பாரம், அதுவும் ஒரே இடத்தில். ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள், தூக்கிப் போட விடாதீர்கள். கீழே கயிறு கட்டி வழியை மறித்து, ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள். உங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டோரமாகவே நடந்து போவார்கள்.

கேள்வி: அண்ணே, சாரம் கட்டப் பழகுகிறேன். பெல்ட் மாட்டினால் வேலை ஓடாது என்கிறார்கள். உச்சித் தட்டைக் கட்டும்போது தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. பெல்ட்டை எதில் மாட்டுவது?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. முதலில், இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட்டை விட்டுவிடு. விழுந்தால் மொத்த வேகத்தையும் இடுப்பும் வயிறும் வாங்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் பெல்ட் வாங்கிக்கொள்.

கொக்கி காலடியில் மாட்டினால் விழும் தூரம் கூடும். 1.8 மீட்டர் கயிறும், அதிர்ச்சியைத் தாங்குகிற பையும் முழுதாக விரிந்து, நீ தரையைத் தொடாமல் நிற்க ஏறக்குறைய 6 மீட்டர் உயரம் தேவை. முதல் மாடி மட்டத்தில் அந்த உயரமே கிடையாது. அங்கே உன்னைக் காப்பது கைப்பிடிக் கம்புதான். கீழ்த்தட்டில் நின்றுகொண்டே மேல்தட்டுக்கான கைப்பிடியை, ஏறி நின்றால் உன் இடுப்புக்கு வருகிற மட்டத்தில், முதலில் கட்டிவிடு. பலகையையும் அகலம் முழுக்கப் பரப்பிவிட்டு ஏறு. ஒற்றைப் பலகையில் நின்று கட்டுகிற பழக்கம் நம் பக்கம் ஊறிப் போயிருக்கிறது, நீ அதைப் பழகாதே. உயரம் போனபின், சுவர்ப்பிடி போட்டு இறுக்கிய நேர்க்காலில், முடிந்தவரை தோளுக்கு மேல் கொக்கியை மாட்டு. கைப்பிடிக் கம்பில் மாட்டாதே.

வளைகுடாவில் நான் வேலை பார்த்த இடங்களில், சாரத்தின் ஏணி அருகே அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் யாரும் ஏறக் கூடாது. கட்டும்போதும் பிரிக்கும்போதும் சிவப்புதான், ஏறுகிறவன் சாரம் கட்டுகிற ஆள் மட்டும். இங்கேயும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அதைச் செய்யலாம், செலவே இல்லை. அப்படியே தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துவிடு. தள்ளிப் போடாதே.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் சாரத்தைக் காற்றில் விட்டு வைக்கலாமா? தூசிக்காகப் பச்சை வலை கட்டியிருக்கிறோம்.
– வாசகர், மண்டபம்

பதில்: சாரம் நிற்கலாம், வலை கூடாது. வெறும் கம்புகளுக்கு நடுவே காற்று ஓடிவிடும். வலை கட்டினால் அது பாய்மரம். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள், அதே காற்றுதான் உங்கள் சுவரிலும் அடிக்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட உடனே, காற்று வலுக்கும் முன்பே, வலையை அவிழ்த்துவிடுங்கள். மேலே தளர்ந்து கிடக்கிற பலகைகளையும் இறக்கிவிடுங்கள். காற்று ஏறிய பிறகு அதற்காக ஒருவரையும் மேலே அனுப்பாதீர்கள்.

மழை விட்டதும் முதலில் கால்களைப் பாருங்கள். நம் மணலில் தண்ணீர் அரித்து, பைப்பின் அடித்தகடு அந்தரத்தில் நிற்கும். தகட்டுக்கு அடியில் நீளமான கனத்த பலகை போட்டிருந்தால் பாரம் பரவும். உப்புக் காற்றில் கிளாம்ப் போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். நட்டு சுற்ற மறுத்தாலோ மரை தேய்ந்திருந்தாலோ எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: படகில் கழித்த நைலான் கயிறு நிறைய இருக்கிறது. சவுக்குச் சாரம் கட்ட ஆகுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: ஆகாது. வெயிலில் கிடந்த கயிறு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பலம் போயிருக்கும், வழவழப்பான கம்பில் முடிச்சும் நழுவும். கீழே ஆள் வராமல் வழி மறிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். கம்பு கட்டப் புதுக் கயிறு வாங்குங்கள்.