செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வந்தவர் ஏமாற்றிவிட்டாரா? கேள்வி பதில்

செப்டிக் டேங்க் கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஒப்பந்தக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு மனம் நொந்துபோனவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, லாரி வரவழைத்து டேங்கைச் சுத்தம் செய்தேன். இருபது நிமிடத்தில் முடித்து, "அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் டேங்க் நிறையத் தண்ணீர். போன் செய்தால் எடுப்பதில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் நிற்பது அதற்குச் சாட்சி இல்லை. செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். உள்ளே வருவதில் கனமானது அடியில் மண்டியாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். 3,000 லிட்டர் டேங்க், ஒரு நாளைக்கு 500 லிட்டர் கழிவுநீர் என்றால் ஆறே நாளில் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். இதில் லாரிக்காரரின் குற்றம் ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது அடிமண்டியை. நீளமான கம்பு ஒன்றில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, வெளியே நின்றபடியே அடிவரை மெதுவாக இறக்குங்கள். சில நிமிடம் விட்டுத் தூக்கினால் மண்டி எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவுக்குத் துணி கறுத்திருக்கும். மூடித் துளைக்குள் தலையை நீட்ட வேண்டாம். மண்டியும் ஏடும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுக்க வேண்டிய நேரம் என்பது பொதுக் கணக்கு. சாதாரண வீட்டில் அந்த அளவு சேர 3 முதல் 5 வருடம் ஆகும், பத்து நாளில் சேராது. ஆகவே இப்போதே மண்டி கனமாக இருந்தால் அவர்கள் அதைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

இருபது நிமிடம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது அதனால்தான். ஹோஸை மேலாக வைத்தால் தண்ணீர் சீக்கிரம் ஏறி லாரி நிறைந்துவிடும், மண்டி அப்படியே கிடக்கும். ஒழுங்காகச் செய்பவர் ஹோஸை அடிவரை விடுவார், கொஞ்சம் நீரைத் திரும்பப் பீய்ச்சி மண்டியைக் கலக்குவார், மறுபடி உறிஞ்சுவார். துணியைப் படம் எடுத்து, தேதியோடு உங்கள் லாரிக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ச்சண்டையை விட அதற்குப் பலன் அதிகம்.

கேள்வி: எங்கள் டேங்கில் இரண்டு மூடி. ஒன்றை மட்டும்தான் திறந்தார்கள். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான மண்டி முதல் அறையில் இருக்கும் என்பது சரி. ஆனால் வெளிக்குழாயின் டீ, அதாவது அதன் முனையில் மாட்டிய 'T' வடிவக் குழாய்த்துண்டு, இருப்பது இரண்டாவது அறையில். அது உடைந்து விழுந்திருந்தால் ஏடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அந்த மூடியைத் திறக்காமல் எப்படித் தெரியும்?

கேள்வி: கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை. வந்தவர் டேங்கைத் திறந்து பார்த்த உடனே, "உறிஞ்சுகுழி செத்துப்போச்சு, புதுசு தோண்டணும், இன்னைக்கே முன்பணம் குடுங்க" என்கிறார்.

பதில்: தயவுசெய்து இன்றைக்குக் கொடுக்காதீர்கள். முதலில் டேங்கின் நீர்மட்டத்தைப் பாருங்கள். வெளிக்குழாயின் அடிவிளிம்பு அளவில் அமைதியாக நின்றால் டேங்குக்கு அப்பால் கோளாறு இல்லை. வீட்டிலிருந்து வரும் குழாயிலோ, அது டேங்கில் நுழையும் இடத்திலுள்ள உள்டீயிலோதான் அடைப்பு. மட்டம் வெளிக்குழாயை மூழ்கடித்து மேலே நின்றால் டீ, அடுத்த குழாய், உறிஞ்சுகுழி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டேங்கைக் காலி செய்யும்போது வெளிக்குழாய் வழியாக நீர் உள்ளே திரும்பிக் கொட்டினால் குழி நிரம்பியிருக்கிறது என்று நம்பலாம். அப்போதும் கனமழைக் காலமாக இருந்தால், நிலத்தடி நீர் இறங்கும்வரை பொறுத்துப் பாருங்கள்.

புதுக் குழி தோண்டிய பிறகும் கழிவறை அடைப்பதாக ஒரு வீட்டில் என்னை அழைத்தார்கள். உள்டீயில் சிக்கியிருந்தது ஒரு துணிச்சுருள். பத்து நிமிட வேலை. அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், எனக்கே பேச்சு வரவில்லை.

கேள்வி: அடியில் மண்டி இறுகிவிட்டது, ஆள் இறங்கித்தான் வெட்டி எடுக்கணும் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்பவர் சாவுக்குள் இறங்குகிறார். மீத்தேனும் இருக்கும், அதனால் பக்கத்தில் தீக்குச்சி, பீடி எதுவும் வேண்டாம். இறுகிய மண்டியை வெளியே நின்றே நீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சலாம், நேரம்தான் ஆகும். அதற்குப் பொறுமை இல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் காப்பாற்ற நீங்களும் இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஒருவரைத் தூக்கப் போய் இரண்டு மூன்று பேர் போன கதைகள் எத்தனையோ.

கேள்வி: மாதாமாதம் பாக்டீரியா பவுடர் போட்டால் சுத்தமே செய்ய வேண்டாமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தேவையான நுண்ணுயிர்கள் கழிவிலேயே ஏராளமாக வருகின்றன. எந்தப் பவுடரும் மண்டி எடுப்பதற்கு மாற்று ஆகாது. ஆசிட் ஊற்றச் சொன்னால் அதையும் கேட்காதீர்கள்.

கேள்வி: அண்ணே, மழைக்காலத்தில் பிளாஸ்டிக் டேங்கை முழுசாகக் காலி செய்தார்கள். மறுநாள் டேங்க் மண்ணைவிட்டு மேலெழும்பி, குழாய்கள் பிடுங்கிக்கொண்டன. "இயற்கை, நாங்க என்ன பண்ண" என்கிறார்கள்.

பதில்: இயற்கைதான், ஆனால் தொழில் தெரிந்தவர் முன்பே யோசித்திருக்க வேண்டிய இயற்கை. சுற்றிலும் ஊற்று நீர் ஏறியிருக்கும்போது காலி டேங்க் படகு மாதிரி. அது விலக்கும் ஒவ்வொரு 1,000 லிட்டர் நீரும் ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். மழைக்காலத்தில் அவசரம் என்றால் கொஞ்சமாக எடுத்து அடைப்பை நீக்கலாம், அல்லது எடுத்தவுடன் நல்ல நீரை நிரப்பலாம். செலவில் பங்கு கேளுங்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: சரி, அடுத்த முறை நான் என்ன செய்யணும்?

பதில்: வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். இரண்டு மூடியும் திறக்க வேண்டும், இரண்டு டீயும் பார்க்க வேண்டும் என்று பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். மூடியைப் போடும் முன் டார்ச் அடித்து அடித்தளத்தைக் காட்டச் சொல்லி, அதன் பிறகு பணம் கொடுங்கள். எத்தனை லிட்டர் எடுத்தார், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பது ரசீதில் இருக்கட்டும். கொட்டும் இடத்தைச் சொல்லத் தயங்குபவர் ஏதோ ஓடையில்தான் விடப்போகிறார், அவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.