கிளாத்தி வளர்க்க ஆசையா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு ஆறடித் தொட்டியில் ஒரே ஒரு கடல் மீன்தான் இருக்கிறது. கறுப்பு உடம்பு, அடிவயிற்றில் பெரிய வெள்ளைப் பொட்டுகள், வாயைச் சுற்றி மஞ்சள். கடைகளில் இதை க்ளவுன் ட்ரிக்கர் என்பார்கள். நம் கடற்கரையில் இந்தச் சாதி மீன்களுக்குக் கிளாத்தி என்று பெயர். இதை வளர்ப்பது பற்றிப் பலர் எனக்கு எழுதிக் கேட்டதை, அவரவர் ஊர்ப் பெயரோடு கீழே தருகிறேன்.

வண்ணார்பேட்டைத் தம்பி: விரல் நீளக் குட்டி ஒன்று பார்த்தேன். இரண்டடித் தொட்டி போதுமா?

போதாது. இது ஐம்பது சென்டிமீட்டர் வரை வளரும். உங்கள் தொட்டியின் நீளமே அறுபதுதான். பெரிய மீனுக்கு எது வேண்டுமோ அதை முதல் நாளே வாங்குங்கள். 6 × 2 × 2 அடி என்றால் சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 700 கிலோ வரும். கண்ணாடி, ஸ்டாண்ட், கல், மணல் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். பழைய கட்டைத் தளம் போட்ட வீட்டு மாடியில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

முறப்பநாடு: பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளம். மூட்டை உப்பு வாங்கிக் கரைத்தால் என்ன?

நல்ல கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். அடுத்த பாத்தியில் உப்பு விளையும். கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள், மக்னீசியம் அதோடு போய்விடும். மூட்டைக்குள் வருவது ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டும். நாக்குக்கு அது கடல் நீர் மாதிரிதான் இருக்கும், மீனுக்கு அது கடல் இல்லை. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை வாங்குங்கள். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 680 லிட்டருக்கு 24 கிலோ ஆகும்.

உவரி அண்ணாச்சி: கடலே இங்க இருக்கு. உப்பை எதுக்கு விலை கொடுத்து வாங்கணும்?

கரைத் தண்ணீர் கலங்கலாக இருக்கும், படகு டீசல் கலந்திருக்கும், மழை பெய்தால் உப்பும் குறையும் என்று நான் எழுதினேன். உடனே கூடங்குளம் பக்கத்திலிருந்து ஒருவர், எங்கள் அப்பா மூன்று வருடமாகக் கரைத் தண்ணீர்தான் ஊற்றுகிறார் என்றார். என்ன மீன் என்று கேட்டால் பதில் வரவில்லை. அண்ணாச்சி விடவில்லை: "கரையில யாரு எடுக்கச் சொன்னா? பத்துப் பாகம் (அறுபதடி ஆழம்) தாண்டிப் போனா தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும். வல்லத்துல கேனைப் போட்டு நானே எடுத்துத் தாறேன்."

அண்ணாச்சி சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். பத்துப் பாகத் தண்ணீர் கிடைப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே ஊற்ற வேண்டாம். மூடி, இருட்டில் இரண்டு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து அடியில் படியும். அப்புறம் வடிகட்டி, உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். மாதம் தொட்டித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுவதற்கு முப்பத்தைந்து லிட்டர் கேன் நான்கு வேண்டும். ஒவ்வொரு மாதமும் சுமக்க ஆள் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் இதைத் தினமும் பார்க்க வேண்டும்.

மேலப்பாளையம்: சின்ன மீன்களோடு விடலாமா?

கூடாது. தின்றுவிடும்.

டவுன்: மூன்றடித் தொட்டி இருக்கிறது…

முதல் பதிலைப் படியுங்கள்.

சுத்தமல்லி: தொட்டி அளவுக்குத்தானே மீன் வளரும்?

இல்லை. சின்னத் தொட்டியில் கழிவு ஏறி, அம்மோனியாவில் மீன் நலிந்து வளராமல் நிற்கும். அதை வளர்ப்பு என்று சொல்லாதீர்கள். இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் இதுதான் பதில்.

நாங்குநேரி அக்கா: கையைக் கடிக்குமா? வலையில் பிடிக்கலாமா?

கடிக்கும். நண்டு ஓட்டையும் சிப்பியையும் உடைக்கிற பல் அது. என் ஹீட்டர் ஒயரைக் கடித்து வைத்தது, அதன் பிறகு எல்லா ஒயரையும் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். தொட்டியில் கை வைக்கும் முன் மின்சாரத்தை அணையுங்கள்.

வலை வேண்டவே வேண்டாம். முதுகில் தடித்த முள் ஒன்று உண்டு. பயந்தால் அதை நிமிர்த்தும், பின்னால் உள்ள சின்ன முள் அதைப் பூட்டிவிடும். பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. பின்முள்ளை அழுத்தினால்தான் பூட்டு விடும். கடலில் பாறை இடுக்கில் புகுந்து இப்படித்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். வலையில் அந்த முள் சிக்கினால் மீனும் கிழியும், வலையும் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொள்ளுங்கள். வெளியே எடுக்கையில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள். இரைக்கு ஓட்டோடு இறால், நண்டு, கணவாய் கொடுங்கள். ஓடு கடித்தால்தான் பல் தேயும்.

திசையன்விளை: மன்னார் வளைகுடாப் பவளப்பாறை கிடைக்கும், உள்ளே போடலாமா?

தொடாதீர்கள். பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. விற்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி.

வள்ளியூர்: மீன் பெரிதாகிவிட்டது. உவரிக் கடலில் விட்டுவிடட்டுமா?

வேண்டாம், வேண்டாம். கடை மீன் எந்தக் கடலில் பிடித்ததோ, என்ன நோயைச் சுமக்கிறதோ. பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிக் கொடுங்கள். கிடைக்கும்வரை நீங்களே வைத்திருங்கள்.

அம்பாசமுத்திரம்: கரண்ட் போனால்?

பேட்டரி ஏர் பம்பு ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சித்திரை மாதம் மோட்டார் நின்றால் பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். அன்றைக்கு இரை போடாதீர்கள்.